வாப்பாவின் பெயரில் வந்த வரி

இந்நிகழ்வுக்கு முன்னர் எனது நிலை யாதென்பதை முதலிலேயே பதிந்து வைக்கிறேன். கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்து, ஆசிரியராகி, அதிபராக ஓய்வு பெற்றவன் நான். கடுகண்ணாவைப் பக்கமாக உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் பதினோராண்டுகள் பொருளாளர். அடுத்த தவணைக்கும் என் பெயரே முன்மொழியப்படவிருந்தது. மாதச் சந்தாவைத் தாமதிப்போரின் பெயர்களை வாசற்பலகையில் எழுதும் வழக்கத்தைத் தொடங்கியவனும் நானே. தாமதத்துக்கு எவரிடமும் நான் காரணம் கேட்டதில்லை.

வீட்டுக்கான ஆதனவரிப் பத்திரம், மௌத்தாகி அடக்கமாகிப் பல்லாண்டுகளான என் வாப்பாவின் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு, பெயரை மாற்றித் தந்தால் மட்டுமே செலுத்துவேன் எனப் பிரதேச சபைக்குத் தமிழில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன்.

"மொதல்ல சல்லியக் கட்டுங்க. பொறகு கடிதம் எழுதுங்க," என்றார் மனைவி.

"கட்டிவிட்டால் கடிதத்துக்குப் பெறுமதி ஏது?" என்றேன்.

சபையிடமிருந்து பதில் வரவில்லை. வாப்பாவின் பெயரில் மேலும் மூன்று தபால்கள் வந்தன. பிறர் பெயருக்கு வந்ததைத் திறப்பது முறையன்று என அவற்றை உடைக்காமலேயே அலுமாரியில் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும் வேளையில் சபை உத்தியோகத்தர் பறிமுதல் கட்டளையோடு டிராக்டரில் வந்திறங்கினார். சிங்களவர்; மரியாதையாகவே தமிழ் பேசினார்.

"சேர், மூணு கடிதம் போட்டதுதானே. பாக்க இல்லையா?"

என் கடிதம் என்னவாயிற்று என்றேன்.

"அது இன்னும் சிங்களத்துக்குப் போட இல்ல சேர். அதுக்கு ஆள் இல்ல."

காசோலைப் புத்தகத்தை எடுத்தேன். "செக் எடுக்க ஏலாது சேர். காசு மட்டும்."

தாமதக் கட்டணமும் கட்டளைச் செலவும் சேர்ந்த அத்தொகை வீட்டில் இருக்கவில்லை. கண்டியில் வேலை செய்யும் மகனை அழைத்தேன்; காசோடு வந்து சேர ஒன்றரை மணித்தியாலமாகும் என்றான். உத்தியோகத்தர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முன்னறையில் விருந்தினர் அமரும் இரு கருங்காலிக் கதிரைகளைப் பட்டியலிட்டுக் கையொப்பம் கேட்டார். வைத்தேன். வேறென்ன செய்வது?

டிராக்டர் புறப்பட்டபோது தொழுகை முடிந்து சனம் வீதிக்கு வந்திருந்தது. வீட்டு வாசற்படலையில் நின்றபடி பார்த்தேன். கதிரைகளுக்காக எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். பலகையில் அதிக தடவை இடம்பெற்ற மீன்கடைக்காரர் வாசலில் நின்றார்.

"சேர், பலகைல இன்னும் எடமிரிக்கி. நான் எழுதவா, நீங்க எழுதுறீங்களா?"

சோக்கை வாங்கி என் பெயரை நானே எழுதினேன். பிறகு உள்ளே சென்று பணப் பெட்டகத்தைப் பூட்டும் திறப்பைப் பள்ளிவாசல் தலைவரிடம் நீட்டினேன்.

"இதெல்லாம் என்னத்துக்கு சேர்?" என்றார் தலைவர். சொல்லிக்கொண்டே திறப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அலுமாரியையும் ஏற்றிச் சென்றதாக ஊரில் சொல்கிறார்கள். அலுமாரி ஏற்றப்படவில்லை. ஏற்றப்பட்டவை இரண்டு கதிரைகள்.