நெஞ்சு மட்டத்துக்கு மேலே ஒரு சாண்

இந்த நேரத்தில் உங்கள் எல்லோர் போனையும் ஒலிக்க வைத்ததற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். விடியும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மடவார் வளாகம் ஸ்டாப்பில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றபோது காளியப்பன் அண்ணாச்சியின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. தினமும் வரும் பிரஷர் மெஷின் படம் என்று நினைத்துத் திறந்தேன். அவர் மைத்துனர் எழுதியிருந்தார்: விடியற்காலையில் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அண்ணாச்சி இறந்துவிட்டார். அதற்கு மேலே, முந்தைய நாள் அவர் அனுப்பிய படம். 128.

பிளீச்சிங் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் நீராவியில் அவித்து வெளுத்து அனுப்பும் ஆஸ்பத்திரிப் பஞ்சை நான் லேபில் தண்ணீரில் போட்டு, எத்தனை நொடியில் மூழ்குகிறது என்று பார்ப்பேன். மெழுகு போகாத பஞ்சு காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். ஒருநாள் மிதந்தது. "இன்னொரு தடவை போடுங்க மேடம், முங்கிரும்" என்றார் சூப்பர்வைசர். "விரல வச்சு அமுக்குனா வெறுங்குடமும் முங்கும் தம்பி. இது புண்ணுல வைக்கிறது" என்று சொல்லி, அம்புட்டுப் பஞ்சையும் அண்ணாச்சி திரும்ப அவித்தார்.

பிரசவத்தில் எனக்கு வந்த பிரஷர் பிறகும் இறங்கவில்லை. மறுபடி வேலைக்கு வந்த வாரம் 148 காட்டியது. பிள்ளையை யார் வளர்ப்பார்கள் என்று லேபிலேயே அழுதேன். அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க படிச்சதுதான தாயி? கீழ போகப் போக அழுத்தம் கூடும். ரத்தமும் அப்படித்தான். கைய நெஞ்சு மட்டத்துக்கு வைங்க."

மேசையில் வைத்தேன். 136. சூத்திரம் படித்த எனக்கு அது தோன்றவேயில்லை. "நானும் தெனம் பாத்து அனுப்புதேன். ஒருத்தர ஒருத்தர் கவனிச்சுக்கிடுவோம்" என்றார். பதினோரு மாதம் ஒருநாள் தவறாமல் அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

நேற்று செட்டியார்பட்டியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "தெனமும் பாத்தாகளே, பொறவும் ஏன் இப்படி ஆச்சு?" என்று அவர் வீட்டுக்கார அக்கா கேட்டார். எப்படிப் பார்ப்பார் என்றேன்.

"தரையில உக்காந்து, கைய அந்தா அந்த ஜன்னல் திட்டு மேல வச்சுத்தான்."

"அப்படி வைக்கக் கூடாதேக்கா."

"லேப் மேடம் சொல்லிக்குடுத்த முறைன்னுல்ல சொன்னாக! ஷிப்டுல இன்னும் ரெண்டு பேருக்கு அவியளே பழக்கிவிட்டாக. கம்பெனி செக்கப்புல பிரஷர் கூடுதலாக் காட்டுனா நீராவிப் பக்கமே விடாம, பேக்கிங்குல பொட்டலம் ஒட்ட உக்கார வச்சிருவானாமே?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் கையைத் தூக்கினால் பதினைந்து புள்ளியாவது குறையும். அதற்கு மேலும் தூக்கியிருக்கிறார். என்னைக் காப்பாற்றிய அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, தினமும் காலையில் என்னை ஏமாற்றியிருக்கிறார். போதாததற்கு என் பெயரையும் சேர்த்துவிட்டார். மிதந்த பஞ்சை ஒப்புக்கொள்ளாத மனுஷன்! அவர் படத்துக்கு மாலை போடும்போது அழுகை வரவில்லை. சண்டை போடத்தான் தோன்றியது. இன்னும் தோன்றுகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். நாளைக்கும் கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துத்தான் அளப்பேன், என்ன காட்டினாலும்.

அந்த இரண்டு பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். யாரென்று சூப்பர்வைசரிடம் சொல்ல மாட்டேன். கையை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கி வைத்து ஒருமுறை அளந்துவிட்டு, காலை ஷிப்டுக்குள் எனக்குத் தனியாகப் பதில் போடுங்கள்.