சாமிநாதனின் டூப்ளிகேட் வாட்ச்

திருத்தணியில் குடியிருந்துகொண்டு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் சாமிநாதனிடம் யார் பேசினாலும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டுதான் திரும்புவார்கள். லுங்கி வியாபாரம் படுத்துவிட்டது. அவர் கையில் கட்டியிருப்பது டூப்ளிகேட் வாட்ச். முதலாவது எப்போதாவது உண்மையாக இருந்திருக்கிறது. இரண்டாவது ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை. அந்த வாட்சை வாங்கும்போது நான்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என் பெயர் கிருஷ்ணன். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பதால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித்தான் சாமிநாதன் என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். அந்த வருஷம் அவருக்குச் சரக்கு லாரி லாரியாகப் போயிருந்தது. கையில் காசு நின்றால் மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியாது அல்லவா?

"காரு வாங்கினா ஊரே பாக்கும். மாடி கட்டினா சொந்தக்காரன் வந்து குந்திக்குவான். வாட்ச்சுனா கைல கெடக்கும் கிருஷ்ணா, எவனுக்கும் இன்னான்னு தெரியாது" என்றார் ரயிலில்.

ஏசி ஷோரூமில் கோட்டு போட்ட இளைஞன் வாட்சின் உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். சாமிநாதன் கொட்டாவி விட்டார். மணி பார்க்கச் செல்போன் இருக்கிறதே என்று என் காதில் சொன்னார். ஆனால் வாட்சைக் கையில் வாங்கியதும் ஆள் மாறிவிட்டார். லுங்கிக் கரையைத் தடவிப் பார்ப்பதுபோல் அதன் செயினைக் கட்டைவிரலால் தடவினார். வளைத்தார். தொங்கவிட்டார். மேசைமேல் மெல்லப் போட்டுச் சத்தம் கேட்டார்.

இளைஞன் கெட்டிக்காரன். உடனே இயந்திரத்தை விட்டுவிட்டுச் செயினுக்கு வந்தான். தகட்டை மடித்துச் செய்தது இல்லை சார், ஒவ்வொரு கண்ணியும் கெட்டி எஃகிலிருந்து வெட்டி எடுத்தது என்றான். கண்ணிகளின் நடுப்பாகத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு, ஓரங்களுக்கு மட்டும் நூல் நூலான கோடு. கண்ணியைக் கண்ணியோடு சேர்ப்பது எள்ளு அளவே தலையுள்ள ஸ்குரூ. வாட்சும் செயினும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாது. இதையெல்லாம் அவன் தமிழில்தான் சொன்னான். இருந்தாலும், கூட்டி வந்த மரியாதைக்கு நானும் ஒரு முறை தமிழிலேயே மொழிபெயர்த்தேன்.

சாமிநாதன் மணிக்கட்டுக்கு ஏற்ற மாதிரி இரண்டு கண்ணிகளைக் கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கொக்கியை அவர் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். 'டிக்' என்ற அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் அவருடைய கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ரயில் ஜன்னலில் மலை தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மலையப் பாத்து சத்தியம் பண்ணு கிருஷ்ணா. என் ஊட்டுக்காரிக்குக்கூட தெரியக்கூடாது. பிளாட்பாரத்துல வாங்கின டூப்ளிகேட்டு. அவ்ளோதான்."

பண்ணித் தொலைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு மனிதரின் சின்ன ஆசை என்று நானும் மறந்திருப்பேன். ஆனால் சாமிநாதன் வியாபாரி. எதையும் சும்மா வைத்திருக்க மாட்டார். தறி மேஸ்திரி ஜெயப்பிரகாஷ் வந்து, "மொதலாளி, கூலிய கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்று தலையைச் சொறிந்தால், இவர் சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டை நீட்டுவார். "பார்றா. ஒரு நல்ல வாட்ச்சுக்கு வக்கில்லாம டூப்ளிகேட்டு கட்டிகினு திரியறேன். என்னண்ட வந்து கேக்குற." ஜெயப்பிரகாஷ் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். தன்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருளைக் காட்டி ஏழை என்று நிரூபித்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தங்கை வரலட்சுமியிடமும் அதையே காட்டினார் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். அவள் கணவர் போன பிறகு மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள். மகள் கனிமொழிக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. முதல் வருஷத்துக்கு மட்டும் உதவு என்று அண்ணனிடம் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஒன் அண்ணன் நெலமைய நீயே பாரும்மா" என்று மணிக்கட்டை நீட்டினார்.

அவள் பார்த்தாள். கண் கலங்கியது. "வுடுணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தட்டில் இருந்த வடையை அப்படியே தள்ளி வைத்தேன். அடுத்த மாதமே கனிமொழி திருப்பதி பஸ் ஏறி ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சாமிநாதன் என்னிடம் சொன்னார். யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் அவர் உடம்பு பெருத்து, செயின் மணிக்கட்டை இறுக்க ஆரம்பித்தது. ஷோரூமுக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும். பஜாரில் கொடுத்தால் ரிப்பேர்காரர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் உறையில் இருந்த ஒரு கண்ணியை எடுத்து, மூக்குக்கண்ணாடி ஸ்குரூ முடுக்கும் திருப்புளியால் அவரே சேர்த்துக்கொண்டார். அந்த ஸ்குரூவுக்கு ஒரு துளி பசை வைத்து முடுக்க வேண்டுமாம். அது அவருக்கு எப்படித் தெரியும்? பகலெல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவில் அதிர்ந்துகொண்டே இருந்த ஸ்குரூ தன் பாட்டுக்குக் கழன்றுகொண்டு வந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று வரலட்சுமி வீட்டில் சாப்பாடு. நான், சாமிநாதன், ஜெயப்பிரகாஷ் எல்லோரும் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். சாமிநாதன் தண்ணீர்ச் சொம்புக்கு இடது கையை நீட்டினார். செயின் பிரிந்து வாட்ச் நேராகச் சாம்பார் சாதத்தில் விழுந்தது. ஒரு கண்ணி உருண்டு வாசல் சாக்கடைக்குள் போயிற்று. பந்தியே சிரித்தது.

வரலட்சுமி ஓடிவந்து வாட்சை எடுத்துக் குழாயைத் திறந்து கழுவினாள். சாமிநாதன் முகத்தில் ரத்தம் இல்லை.

"குடுத்துட்டுப் போணா. நம்ப பஜார்ல ரெடி பண்ணி வெக்கிறேன்."

"வாணாம்மா, நானே..."

"டூப்ளிகேட்டுக்குப் போயி நீங்க அலையணுமா மொதலாளி?" என்றான் ஜெயப்பிரகாஷ்.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆங்... செய்யும்மா" என்றார். அதன் பிறகு பாயசத்தைக் கஷாயம் மாதிரிக் குடித்து முடித்தார்.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து நின்றார். "நீ போயி வாங்கிகினு வந்துடு கிருஷ்ணா."

"நீயே போய் உண்மைய சொல்லி வாங்கிக்க."

"சொன்னா இத்தினி நாளு பேசினதெல்லாம் பொய்யாயிடுமே!"

"பொய்தானே?" என்றேன். கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் கூடப் போனேன்.

வரலட்சுமி எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். பிறகு சாமி மாடத்திலிருந்து வாட்சை எடுத்து வந்தாள். அதில் புதுச் செயின் மின்னியது. தங்கக் கலர். தகட்டை மடித்துச் செய்தது. தூக்கினால் சலசலவென்றது.

"பழைய செயினு?" சாமிநாதனின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"கிருத்திகைன்னு ரிப்பேர் கட மூடிட்டாங்க, பிளாட்பாரத்துல செயினு விக்கிற பையந்தான் மாட்டிக் குடுத்தான். அந்த ஸ்குரூ எங்கயும் கெடைக்காதாம்ணா. கண்ணி வேற சாக்கடையில பூடுச்சா. காலையிலியே பாத்திரக்காரன் வந்தான், போட்டுட்டேன். நல்ல கனம்ணா அது! சுத்தமான எவர்சில்வருன்னு சொல்லி ஒரு டம்ளர் குடுத்தான். இப்ப நீ குடிச்சிகினு கீறியே, அதான்."

சாமிநாதன் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். ஷோரூம் இளைஞன் சொன்னதெல்லாம் எனக்குக் காதில் ஓடியது. சிரிப்பு வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

அவளே அவர் கையில் வாட்சைக் கட்டிவிட்டாள். செயினின் இடுக்கு மணிக்கட்டு மயிரைக் கவ்வி இழுத்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழாதணா" என்றாள் வரலட்சுமி. அவளும் அழுதாள். "அத்தினி பேர் எதிர்ல ஒன் வாட்ச்சு பிச்சிகினு வியுந்தப்ப எனக்கு உசுரே போச்சு. ஒன் நெலம தெரியாம கனிமொழி படிப்புக்கு ஒன்னண்ட வந்து நின்னேன் பாரு, அதான் என்ன அறுக்குது. அவளும் புரிஞ்சிகினா. படிப்பு வாணாம்னுட்டா. இந்த செயினு அவ மொத சம்பளத்துல வாங்கினதுணா, மாமனுக்குன்னு."

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இதற்குப் பிறகும் இந்த ஆள் வாயைத் திறக்காவிட்டால் நானே போட்டு உடைத்துவிடுவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் சாமிநாதனே திறந்தார்.

"வரலட்சுமி... அது டூப்ளிகேட்டு இல்லம்மா. ஒரிஜினலு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "ஆமாணா. நீ கட்டினா எங்களுக்கு அது ஒரிஜினல்தான்."

"இல்லம்மா, நெஜமாவே."

"நான் இன்னா இல்லைன்னா சொன்னேன்? காபிய குடி, ஆறுது."

இனி என்ன சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை. நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. கனிமொழியைக் கூட்டிக்கொண்டு போய்க் காலேஜில் சேர்த்துவிட வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது என்பதை அவர் என் பக்கம் திரும்பாததிலிருந்தே புரிந்துகொண்டேன்.

சாமிநாதன் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். புதுச் செயினைக் கொஞ்சம் தள்ளிவிட்டு வாட்சைப் பார்த்தார்.

"மணி ஆயிடுச்சும்மா, வரேன்" என்று எழுந்துகொண்டார்.