முந்தியது அக்காவின் கால், என் தலைமுடி அல்ல

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டைப் படத்தில் சிரிப்பவர் அக்கா. உள்ளே குமுறப்போகிறவன் அவருடைய தம்பி. அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது, என் கோபம் இன்னும் ஆறவில்லை. நினைவு மலரில் கோபப்படுவது மரியாதை இல்லை என்றார் அத்தான். மரியாதையாகவே கோபப்படுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது டெல்லியில், மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. புசா ரோடு பள்ளிக்கு நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போக வேண்டும். நான் ஷூ லேஸைக் கட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். அக்கா பின்னாலேயே ஓடி, "பையா, ரோகோ! தம்பி வாரான்!" என்று இந்தியும் தமிழுமாகக் கத்தி, பஸ்ஸைத் தட்டி நிறுத்துவார். ஆக, நாட்டுக்கு ஓர் ஓட்டக்காரியைத் தந்தது என் சோம்பேறித்தனம். இதற்காக இதுவரை யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

அக்கா கல்லூரியில் படிக்கும்போதே அப்பா காலமானார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையை வைத்துக்கொண்டு அக்காதான் வீட்டைத் தாங்கினார், என்னைப் படிக்க வைத்தார். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத ஜனவரி மூடுபனியிலும் விடியலில் பயிற்சிக்குப் போவார். நான் ரஜாய்ப் போர்வைக்குள் இருந்தபடி அவருக்கு மானசீகமாக ஆதரவு தருவேன்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம். அக்கா எந்தப் போட்டிக்குப் போனாலும் முருகனுக்கு நேர்ந்துகொள்வார். ஆனால் நேர்ச்சை என் தலைக்கு. "பொம்பளப் பிள்ளைக்கு மொட்டை போட முடியுமா? நீ சும்மாத்தானல இருக்க" என்பார். அக்கா ஜெயித்தால் எனக்கு மொட்டை. பள்ளியில் என் தலையைப் பார்த்தே பதக்கச் செய்தியைத் தெரிந்துகொள்வார்கள்.

அக்காவுக்கும் பக்தி உண்டு. கிருத்திகை தவறாமல் கோவிலுக்குப் போவார். ஆனால் வெற்றி வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பக்கத்து லேன்ல ஓடுதவளும் ஒரு சாமியக் கும்பிட்டுட்டுத்தான வந்திருப்பா? ரெண்டு சாமியையும் ஏன் சங்கடப்படுத்தணும்?" என்பார். முருகன்தான் உனக்குள் இருந்து ஓடினான் என்று பெரியப்பா உருகியபோது, "அவருக்குத்தான் மயில் இருக்கே பெரியப்பா, அவரு எதுக்கு ஓடணும்?" என்று கேட்டார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். "உலகத்தையே சுத்தி வந்தும் பழம் கிடைக்காதவருல்லா அவரு. தோத்துட்டுப் போயி நின்னா, ஏன் தோத்தன்னு கேக்கமாட்டாரு. அதான் அவர்ட்ட போறேன்."

அந்த அக்கா ஒலிம்பிக் போட்டிக்குத் தேர்வானார். தேர்வானதற்கே ஒரு மொட்டை கடன். அந்த வாரம் பார்த்து எனக்குப் பெண் பார்க்கும் படலம் இருந்ததால், "பொறவு போட்டுக்கிடலாம்" என்று தள்ளிவைத்தவரும் அம்மாதான். நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று. தட்டில் கேசரியோடு நாங்கள் டி.வி. முன்னால். துப்பாக்கி வெடிக்குமுன் அக்காவின் கால் கிளம்பிவிட்டது. ஒருமுறை முந்தினாலே வெளியேற்றம் என்பது விதி. நடுவர் வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார். அக்கா தலையை அசைத்துவிட்டு நடந்து வெளியேறினார்.

கேசரி ஆறுவதற்குள் போன் வந்தது. "மொட்டைய பாக்கி வச்சா முருகன் சும்மா விடுவானாடே? ஒரு பொண்ணு பாக்கதுக்காக அக்கா வாழ்க்கையக் கெடுத்திட்டியே!" என்றார் பெரியப்பா. உறவு முழுக்க அதுவே தீர்ப்பாகிவிட்டது. (அந்தப் பெண் என் முடியைப் பார்த்துச் சம்மதித்து, இன்று என் மனைவி. முடி நிலைக்கவில்லை, அவர் நிலைத்திருக்கிறார்.)

ஊர் திரும்பிய அக்கா பெட்டியைக்கூட இறக்கவில்லை. வந்திருந்த சொந்தங்களுக்கு நடுவில் நின்று சொன்னார். "கேளுங்க. முந்துனது என் காலு. பயிற்சி எடுத்தது நான், ஓடுனது நான், தப்புப் பண்ணுனதும் நான். ஜெயிச்சா முருகன், தோத்தா தம்பி முடி. அப்போ நடுவுல நான் யாரு?"

டீ வந்ததும் பேச்சு மாறிவிட்டது.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அதே கூட்டம் அதே பாக்கியைத் தூசி தட்டி எடுத்தது. அக்காவின் தலைமுடி கொட்ட ஆரம்பித்த வாரம், மயூர் விஹார் மெட்ரோவுக்குக் கீழே இருக்கும் கடையில் நான் மொட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேர்ச்சைக்காக அல்ல, அவருக்கு ஒரு துணைக்காக. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏல, இப்போ நான் எதுல ஜெயிச்சேன்?"

கேட்டுவிட்டு அக்காவே சிரித்தார். பிறகு சொன்னார். "எனக்கு நினைவு மலர் போடுவீங்கல்லா? நீயே எழுது. காலு முந்துனது என் தப்புன்னு எழுது. விட்டா அதையும் பிடுங்கி வேற யாருக்காவது குடுத்திருவாங்க."

பிடுங்கத்தான் செய்தார்கள். இரங்கல் கூட்டத்தில் விளையாட்டுச் சங்கத்துக்காரர் ஒருவர், விதி அக்காவை ஓடவிடவில்லை என்றார். இன்னொருவர், நோயோடு போராடித் தோற்றார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா, அது என்ன போட்டி? கோடு எங்கே, எதிரே ஓடியவர் யார்? அக்கா எங்கே தோற்றார் என்பதை அக்காவே சொல்லியிருக்கிறார், நீங்கள் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டாம். வருஷாப்தீகத்திலாவது அந்த மொட்டையைப் போட்டுவிடு, ஆன்மா சாந்தியடையும் என்கிறார் பெரியப்பா. போடமாட்டேன் பெரியப்பா. மன்னிக்க வேண்டும். எடுப்பதற்குத் தலையில் இப்போது அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

கடைசிவரை அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அத்தானுக்கும், ரசமும் சாதமும் கொடுத்தனுப்பிய அடுக்ககத்துப் பக்கத்து வீட்டாருக்கும், அக்காவோடு மூடுபனியில் ஓடிய தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று சிவப்பு அட்டை காட்டிய, பெயர் தெரியாத அந்த நடுவருக்கும் நன்றி. அக்காவின் தப்பை அக்காவுடையது என்று ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.