வலப்பக்கம் நின்ற மான்

என் அப்பாவுக்கு இடது எது வலது எது என்று தெரியாது என்பதை ஐந்து வருடம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். ஊர் என்றால் டெக்சாஸில் ரவுண்ட் ராக். பிறந்தநாளுக்கோ தீபாவளிக்கோ தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினால், சாப்பிட்ட தட்டுகள் காய்கிற நேரத்தில் யாராவது ஒரு ஆன்ட்டி, "அந்த மான் கதையைச் சொல்லுடி" என்பார். அதற்கே காத்திருந்தவள் போல நான் எழுந்து, துப்பாக்கி பிடிப்பதாகக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி நடித்தே காட்டுவேன். அப்பா மூலையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்.

நடந்தது தொண்ணூற்றாறில். எனக்குப் பதினொரு வயது. எங்களுக்கு கிரீன் கார்டு வந்த வருடம். கார்டோடு சேர்ந்து அப்பாவுக்கு ஓர் ஆசையும் வந்தது. நவம்பர் பிறந்தால் அவர் ஆபீஸில் பாதிப் பேர் மான் வேட்டையைத் தவிர வேறு பேச மாட்டார்கள். வருடக்கணக்காகக் காபி மிஷின் பக்கத்தில் நின்று அதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு தடவையாவது தன்னிடமும் சொல்ல ஒரு கதை இருக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்பா கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஆள். வெள்ளாட்டுக் கறி என்றால் உயிர். ஆனால் தன் கையால் ஒரு கோழியைக்கூட அறுத்தவர் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அமெரிக்கர், பிளம்பர். ஊருக்கு மேற்கே ஒன்றரை மணிநேர டிரைவில் அவருடைய அண்ணனுக்கு நிலம் இருந்தது. அப்பாவைக் கூட்டிப்போகச் சம்மதித்தார், ஆனால் சும்மா இல்லை. மூன்று சனிக்கிழமை சுடும் மைதானத்துக்கு இழுத்துப்போய் அட்டையைச் சுடவைத்தார். பிறகு ஒரு பீட்சா டப்பாவின் மூடியில் மான் ஒன்றை வரைந்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். இதயமும் நுரையீரலும் அங்கேதான். மான் குறுக்காக, விலாவை முழுசாகக் காட்டி நின்றால்தான் சுடலாம். நம்மைப் பார்த்து நின்றால் கூடாது. முதுகைக் காட்டினால் கூடாது. நகர்ந்துகொண்டிருந்தால் கூடாது, பின்னால் இன்னொன்று நின்றாலும் கூடாது. வேட்டை என்பது பெரும்பாலும் சுடாமல் இருப்பதுதான் என்று அவர் சொன்னாராம். அப்பா அதையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறவர் போல என்னிடம் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த மூடியை அப்பா ஃபிரிட்ஜில் ஒட்டினார். அம்மா அதைப் பிய்த்துக் கராஜில் போட்டார். காரணம் கந்த சஷ்டி. அம்மா ஆறு நாளும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் குறித்த சனிக்கிழமையோ சரியாக ஆறாவது நாளில் வந்து விழுந்திருந்தது.

"வள்ளி மான் வயித்துல பொறந்தவ. அவ புருசனுக்காக நான் இங்க பட்டினி கெடக்கறேன், நீங்க மானைச் சுடப் போறீங்களாக்கும்" என்றார் அம்மா.

"முருகனே இன்னைக்கு வேலைத் தூக்கிட்டுத்தான போறாரு" என்று அப்பா சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கும் வரவில்லை.

அந்த நிலத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு மரப்பரண்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்தான் உட்காரலாம். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில் இருந்த மற்றதற்குப் போகும் முன் என் கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிவிட்டு, என்னிடம் தனியாகப் பேசினார். துப்பாக்கியின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். மற்றதையெல்லாம் நான் பார்க்கவேண்டும். மான் குறுக்காக நின்றதும் நான் ஓகே சொல்வேன். நான் சொல்லாமல் அப்பா விசையைத் தொடக்கூடாது. அப்பா தலையாட்டினார். வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட என் கையில் தராத மனிதர் அப்படித் தலையாட்டியதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெடிச்சத்தத்துக்காகக் காதில் மஞ்சள் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குச் சும்மா உட்கார வராது. அப்பாவுக்கு என்னைவிட வராது. வெளிச்சம் வந்தது, குருவிகள் வந்தன, ஒரு காட்டுப்பன்றி வந்து போனது. என் கால் மரத்துப்போனது. அப்பாவின் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் பரணே லேசாக ஆடியது. ஒரு தடவை வாட்ச்சைப் பார்த்தார், அரை நிமிடத்தில் மறுபடி பார்த்தார். நான் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து அவரைக் குட்டியாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இரண்டு மான்கள் வெளியே வந்தன. இரண்டும் கொம்பில்லாதவை. இடப்பக்கத்து மான் எங்களை நோக்கிச் சாய்வாக நின்று தலையைத் தூக்கிவிட்டது. எதையோ மோப்பம் பிடித்திருக்கவேண்டும். வலப்பக்கத்து மான் ஒன்றும் தெரியாமல் புல்லை மேய்ந்துகொண்டு, விலா முழுவதையும் காட்டி, பீட்சா மூடியில் வரைந்த மாதிரியே நின்றது. துப்பாக்கிக் குழல் இடப்பக்கத்து மானை நோக்கி இருந்தது. அப்பா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் சொல்லுக்காகக் காத்திருந்தார். நான் அவர் காதுக்கு அருகே போய், "ரைட்" என்றேன். "அப்பா, த ரைட் ஒன்" என்று முடிப்பதற்குள் வெடித்துவிட்டது.

இடப்பக்கத்து மான் முதுகைக் கூனிக் குறுக்கி, வாலைத் தொங்கவிட்டு, அடர்ந்த புதர்களுக்குள் ஓடியது. மற்றது ஒரே தாவலில் காணாமல் போனது.

"பட்டுருச்சு அம்மிணி" என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வந்த கோபத்தில் தமிழ் ஓடிப்போய்விட்டது. தப்பான மானைச் சுட்டுவிட்டாய், அது குறுக்காகவே நிற்கவில்லை, நான் ஓகேவே சொல்லவில்லை என்று இங்கிலீஷில் கத்தினேன். அப்பா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, நான் என்னதான் சொன்னேன் என்று கேட்டார்.

"ரைட். ஐ செட் ரைட்."

அவர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது. "ஆமா" என்றார். "ரைட்டுன்னுதான் சொன்ன."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, மான் நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்தார். புல்லில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. அதில் பச்சையாகத் திப்பித் திப்பியாக ஏதோ கலந்திருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது என்றார். இப்போது துரத்தினால் அது எழுந்து மைல்கணக்கில் ஓடும், நமக்கும் கிடைக்காது, அதற்கும் அமைதி கிடைக்காது. விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்துக்கொள்ளும். ஐந்து மணிநேரம் காத்திருக்கவேண்டும் என்றார்.

அந்த ஐந்து மணிநேரத்தை இன்றைக்கும் என்னால் நிதானமாக நினைக்க முடிவதில்லை. வெயில் ஏறியது. பிக்கப் டிரக்கின் பின்பலகையை இறக்கி உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தோம். அப்பா கடிக்காமலே கையில் வைத்திருந்தார். எழுந்து டிரக்கைச் சுற்றி நடந்தார். புதர்ப்பக்கம் நாலு எட்டு வைப்பார், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பி வருவார். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"அது அங்க துடிச்சுட்டுக் கெடக்குது, நாம இங்க ரொட்டி தின்னுட்டு இருக்கறோம்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் இது வந்திருக்குமா என்பதுதான் என் ஆற்றாமை. மானுக்காக அழுகையாகவும் வந்தது. அந்த அழுகைக்கும் அப்பாதான் காரணம் என்று அதையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன்.

பன்னிரண்டரைக்குத் தடம் பிடிக்க ஆரம்பித்தோம். ரத்தத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் டாய்லெட் பேப்பரில் ஒரு துண்டு கிழித்துப் புதரில் மாட்டினார். திரும்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டுகள் மான் போன வழியைக் காட்டின. ஓர் இடத்தில் ரத்தம் நின்றுபோனது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அப்பா மண்டியிட்டு, ஆபீஸ் பேண்ட்டோடு, கல் கல்லாக, இலை இலையாகத் தேடினார். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டை ஒரு ஓக் இலையின் அடிப்பக்கம் அப்பாதான் கண்டுபிடித்தார்.

வறண்ட ஓடை ஒன்றின் கரையில் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. அப்பா துப்பாக்கியைத் தூக்க, பக்கத்து வீட்டுக்காரர் குழலின் மேல் கை வைத்து அழுத்தினார். நடுவில் புதர் இருக்கிறது, சுற்றிப் போ. அப்பா சுற்றிப் போனார். காலையில் ஒரு நிமிடம் உட்கார முடியாதவர், ஒவ்வொரு அடியாக, சுள்ளி ஒன்றுகூட முறியாமல், அவ்வளவு தூரம் போனார். மானின் விலாவுக்கு நேராக வந்து நின்ற பிறகும் சுடவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் வேண்டுமென்றே அவரைப் பார்க்காமல் நின்றேன். அப்புறம் வெடிச்சத்தம் கேட்டது. நான் திரும்பியபோது தலை சாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் திட்டவில்லை. காலையில் ஏன் சுட்டாய் என்று மட்டும் கேட்டார். அவசரப்பட்டுவிட்டேன் என்றார் அப்பா. நான் விடவில்லை. நான் ரைட் என்று சொன்னேன், அப்பாவுக்கு லெஃப்ட் ரைட் தெரியவில்லை என்று போட்டுக்கொடுத்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, ஆமாம், குழம்பிவிட்டது என்றார்.

அடுத்த நவம்பரில் அவர் அப்பாவைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடமும் கூப்பிடவில்லை. மகள் சொல்லியும் கேட்காமல் சுட்டவரின் கையில் யார்தான் துப்பாக்கியைக் கொடுப்பார்கள். காபி மிஷின் பக்கத்தில் அப்பா அந்தக் கதையைச் சொன்னதாகவும் எனக்குத் தெரியவில்லை. சொன்னதெல்லாம் நான்தான்.

இரண்டாயிரத்து ஒன்று கோடையில் அப்பாவின் ஊருக்குப் போனோம். எங்கள் இந்தியப் பயணங்கள் எப்போதும் ஏசி காரிலேயே முடிந்துவிடும். அன்றைக்கு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த கார் வரவில்லை, நேரமாகிவிட்டது. சத்தியமங்கலத்தில் அப்பாவும் நானும் ஒரு பஸ்ஸில் ஏறினோம். ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார். பின்வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், "ரைட்" என்றார். பஸ் நேராகப் போனது. அடுத்த நிறுத்தத்திலும் ரைட் என்றார், அப்போதும் நேராகத்தான் போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, வலது பக்கம் ரோடே இல்லையே. எதுக்கு ரைட்டுங்கறாரு?"

"ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் எனக்கு அந்தப் பரணில், காதில் மஞ்சள் பஞ்சோடு மூச்சைப் பிடித்து என் சொல்லுக்காகக் காத்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார். முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது அஞ்சு மணிநேரம் வயித்துல குண்டோட கெடந்துச்சு அம்மிணி" என்றார். "உனக்குப் பதினொரு வயசு."

அந்த வருடத் தீபாவளிக்கும் ஒரு ஆன்ட்டி மான் கதையைக் கேட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மூலையில் இருந்த அப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தானே எழுந்து வந்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தனக்கு இடம் வலம் தெரியாத கதையை என்னைவிட நன்றாகவே நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று பரணில் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமா, ரைட்டுன்னுதான் சொன்ன" என்று அவர் சொன்னாரே, அதை அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு என்றே அத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.