நிப்பாட்ட நிப்பாட்ட எழும்பிய கணினி

ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் அலுவலகம் ஒரு வீட்டின் முன்னறைதான். துறைமுகத்துக்கு வரும் சாமான்களுக்கான பத்திரங்களை அடித்துக் கொடுப்போம். நாங்கள் இரண்டு பெண்கள். மற்றவ கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவா. வயதில் இளையவ, என்னை அக்கா என்பா.

மாரி மழை தொடங்கியிருந்தது. முந்திய மாரியில் மின்னலுக்கு ஒரு பிரிண்டர் எரிந்துபோனதால், எல்லாவற்றையும் நிப்பாட்டி, பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் கதவைப் பூட்டவேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. அந்த நேரம் பார்த்து என்னுடைய கணினி நிற்க மறுத்தது. ஷட்டவுன் கொடுத்தால் திரை இருளும். நான் கைப்பையை எடுப்பதற்குள் திரும்ப எழும்பிவிடும்.

முதலில் சுவிட்சை அமத்திப் பிடித்து நிப்பாட்டினேன். ஒருநாள் காலை கணினி திறபடாமல் நெடுநேரம் சுற்றிக்கொண்டு நின்றது. முதல் நாள் அடித்துவைத்த பத்திரமும் பழுதாகிவிட்டது. முழுவதையும் திரும்ப அடித்தேன். பிறகு சுவிட்சில் கைவைக்கப் பயம். பலமுறை ஷட்டவுன் கொடுத்தால் சில வேளை நிற்கும். அதற்காகக் காத்திருப்போம்.

அலுவலகக் கதவைப் பூட்டும் ஒரே திறப்பு அவவிடம் இருந்தது.

“தந்திட்டுப் போங்கோ, நான் பூட்டிறன்” என்றேன்.

“காலையில முதல் வாறது நான்தானே அக்கா. பிறகு வெளியில நிக்கிறதோ?”

அவவின் குரலில் கோபமில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. அவவின் உம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தா. போனதும் உடம்பு துடைத்து, சோறாக்க வேண்டும். எனக்கும் லிங்கநகரில் வீடு என்ற பெயரில் இன்னொரு வேலை காத்திருந்தது.

ஒரு பின்னேரம் அவவின் பஸ் போய்விட்டது. மேசையில் தலையைச் சாய்த்தா.

“வீட்ட போய்ச் செய்யிற வேலை பெரிசில்லை அக்கா. இப்பிடிச் சும்மா இருக்கிறதுதான் ஏலாமக் கிடக்கு.”

அதைக் கேட்டபின்தான், கணினி திருத்துகிறவருக்கு ஃபோன் எடுத்தேன்.

“அது நிக்கிற நேரத்தில ஏதோ பிழை வந்து விழுந்து எழும்புது, மிஸ்” என்றார் அவர். “பிழை வந்தா தானா ரீஸ்டார்ட் ஆகச்சொல்லி ஒரு செட்டிங் இருக்கு. அதை எடுத்துவிடுங்கோ. பிறகு என்ன பிழையெண்டு அதுவே காட்டும்.”

அவர் சொல்லச் சொல்ல அவ திரையில் தேடிக் காட்டினா, நான் மவுஸை நகர்த்தினேன். அந்த செட்டிங்கில் இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ஷட்டவுன் கொடுத்தோம். இம்முறை எழும்பவில்லை. நீலத் திரை அப்படியே நின்றது, கீழே ஏதோ ஒரு பெயரோடு. அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன்.

“வைஃபைக்குப் புதுசா ஏதும் செருகினீங்களோ?”

கணினிக்குப் பின்னால் பெருவிரல் அளவில் ஒன்று செருகியிருந்தது. முதலாளி வாங்கிவந்தது. தொல்லை தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். நாங்கள் இரண்டையும் சேர்த்து யோசித்ததேயில்லை.

அவர் சொன்னதால் சுவிட்சை அமத்திப் பிடித்துக் கணினியை நிப்பாட்டி, அந்த வைஃபைத் துண்டைப் பிடுங்கினேன். மறுபடி போட்டு, அதன் புரோகிராமையும் அவர் சொன்னபடி அழித்தேன். ஷட்டவுன் கொடுத்ததும் திரை இருண்டது, விசிறிச் சத்தமும் அடங்கியது. இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நிண்டிட்டுது” என்றா அவ. யாருக்கோ காய்ச்சல் விட்டதைச் சொல்வது போல.

பஸ்ஸைத் தவறவிட்ட அவவைக் கூட்டிப்போக அவவின் கணவர் மோட்டார் சைக்கிளில் வரும்வரை, தூறலில் இருவரும் கேற்றடியில் நின்றோம்.

மறுநாள் பழைய வயரிலேயே இணையத்தைக் கொடுத்தோம். பின்னேரம் கணினி ஒரே தடவையில் நின்றது. அவ முந்திய பஸ்ஸுக்கே ஓடினா. நான் இருட்டுமுன் வெளிச்சத்தோடேயே வீட்டுக்குப் போய், சேலையும் மாற்றாமல் கட்டிலில் சரிந்தேன். யாரும் எழுப்பவில்லை.