நீர் மாத்திரையும் கிரேன் கூண்டும்

இரும்புக் கிடங்கில் என் அண்ணனுக்கு மாடிவீட்டுக்காரர் என்று பெயர். காலையில் ஏணியில் ஏறி கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார். பிடிவாதத்துக்குக் கை கால் முளைத்தால் அவரைப் போலத்தான் இருக்கும்.

இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏணி ஏறலாமா டாக்டர்?"

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயம் திணறும்போது பெப்டைடு என்ற ஒருவகைப் புரதத் துணுக்கை ரத்தத்தில் விடுமாம். திணறல் கூடக் கூட அதன் அளவும் கூடும். ரத்தம் எடுத்து அந்த அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்; உடம்பில் தேங்கும் நீர் வெளியேற தினமும் நீர் மாத்திரை போட வேண்டும். "இந்த நம்பர் ஏறுச்சுன்னா கிரேனை மறந்துடுங்க," என்றார்.

அண்ணன் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்.

நீர் மாத்திரை போட்டவன் அடிக்கடி ஒதுங்கியே ஆக வேண்டும். கூண்டிலோ ஒரு நாற்காலியும் சில கைப்பிடிகளும்தான். இறங்கி ஏற மூச்சு போதாது. போதாதது கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இரவில் போட்டால் தூக்கம் கெடும். ஆட்களின் தலைக்கு மேல் இரும்பைத் தொங்கவிடுபவன் கண்ணயரலாமா? அதனால் வேலை நாட்களில் அவர் மாத்திரையை விழுங்கவே இல்லை. அண்ணி கொடுப்பதை நாக்கடியில் வைத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் துப்பியிருக்கிறார். இதெல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை நாள் நெருங்கினால் லீவு போடுவார். அப்போது மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கிவிட்டு, நாள் முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடப்பார். உடம்பில் இருந்த நீரெல்லாம் வடிந்துவிடும். நம்பரும் இறங்கிவிடும். அண்ணி அந்த நம்பரைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவும் நம்பினார். "மருந்து நல்லா கேட்குது. இனி பாதி மாத்திரை போதும்," என்றார். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏமாற்றியது யாரை என்று நினைத்தாரோ தெரியாது.

பாதியை இரட்டித்தாலும் ஒரு மாத்திரைதானே; பிறகு அவருடைய ஏமாற்றுக்கும் அது போதவில்லை. கால் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். கேட்டால், "கேஸ் தொந்தரவு, விடு," என்பார். ஒருநாள் தூக்கிய இரும்பைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டு, அவர் மட்டும் இறங்காமல் சாய்ந்துவிட்டார். கயிறு கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

மருத்துவமனையில் வந்த நம்பரைப் பார்த்து, லேபில் ஏதோ தப்பு என்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே நம்பர்தான் வந்தது.

"போன தடவை நல்லா இருந்தீங்களே?" என்று டாக்டரம்மா குழம்பினார்.

அண்ணன் முகத்திலிருந்த மூச்சுக் கவசத்தை விலக்கினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மேல ஒண்ணுக்குப் போக இடம் இல்லீங்க," என்றார்.

அண்ணி வெடித்தார். "என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா இறங்கச் சொல்லியிருப்ப."

எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

சிறுநீருக்குக் குழாய் போட்டுக் கட்டிலோரம் ஒரு பை தொங்கவிட்டிருந்தார்கள். தேங்கிய நீர் அதில் இறங்கினால்தான் பிழைப்பார் என்றார்கள். அண்ணன் அதையே வெகுநேரம் பார்த்தார். "அடடா, இப்படி ஒண்ணு இருக்கறது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூண்டுல மாட்டியிருப்பேனே," என்றார். அண்ணி அழுகையோடு சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.