படத்தில் இருக்கும் கை என்னுடையது

தோணியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்த்துக்கொண்டே லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டவன் நான். ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. தகரக் கொட்டகையில் பட்டறை போட்டேன். புயலில் கூரை பறந்தது. அதே இடத்தில் திரும்பவும் போட்டேன். தருவைகுளத்துக்காரர் ஒருவரின் வள்ளத்துக்குப் பழைய லாரி எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தபோது, "கடல்ல லாரி ஓட்டுதான் பாரு" என்று கரையில் நின்று சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு என் பட்டறை வாசலில் காத்துக் கிடந்தார்கள். மாடி வீடு கட்டினேன். பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தேன். என் படிப்பு நாலாம் வகுப்பு.

இதையெல்லாம் யாரும் எழுதாவிட்டாலும் போகட்டும். ஆனால் எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த சமயம், எங்கள் ஊரில் ஒரு சின்ன ரயில் ஓடியது. பலகைமேல் ஓடுகிற, முழங்கை நீள எஞ்சின். அதைச் செய்தவன் நான். அதைத்தான் இரண்டு பெரிய மனிதர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒருவர் உப்பள முதலாளி. அவரிடம் உலகச் சண்டைக்கு முந்திய கார் ஒன்று இருந்தது. உள்ளே கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டி. அதற்குப் பொருந்தாத பம்பைப் பொருந்தவைத்து ஓட விட்டேன். அன்று முதல் ஞாயிறு சாயங்காலம் அவருடைய கார் கொட்டகைக்கு நானும் போக வேண்டும். இன்னொருவர் பேராசிரியர். நாசரேத் பக்கம். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து ரயில் படங்களைக் காட்டுவார்.

"அங்கெல்லாம் ஒவ்வொரு வீட்டு மச்சிலயும் ரயில் ஓடுது, தெரியுமா?"

"அங்க ரயிலு ஓடுது. இங்க காரே ஓட மாட்டேங்கு" என்பார் முதலாளி. உடனே என் பக்கம் திரும்பி, "ஏலே, இன்னைக்குக் காலையில மறுபடியும் தும்முதுலே" என்பார். அது பெட்ரோலில் தூசி. நூறு தரம் சொல்லியிருக்கிறேன், துணி வைத்து வடிகட்டி ஊற்றுங்கள் என்று. கேட்க மாட்டார். இப்படிப் பேசிப் பேசித்தான் கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் பலகை போட்டு ரயில் விடுவது என்று முடிவாயிற்று.

பேராசிரியர் ஒரு கப்பல்காரரைப் பிடித்துப் பித்தளைத் தண்டவாளமும் ஒரு பொம்மை எஞ்சினும் வாங்கினார். ஐப்பசிக் காற்றுக்குப் பித்தளை பச்சை பிடித்துவிட்டது. தண்டவாளத்தில் கரண்ட் பாயவில்லை. எஞ்சின் மூலையில் நின்று முனகியது. பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தார்! காலையில் தங்கம் மாதிரி மின்னும். நாலு நாளில் முன்னைவிடப் பச்சை. புளியைக் கழுவித் துடைக்கிற பொறுமைகூட அவருக்கு இல்லை. கடைசியில் எஞ்சினும் புகைந்துபோயிற்று.

"தள்ளுங்க சார்" என்றேன். உடைத்த கப்பலின் சாமான் வந்து கிடக்கும் பழைய இரும்புக் கடையில் போய்த் தேடினேன். கப்பல் எஞ்சின் ரூமில் கடல் தண்ணீர் ஓடுகிற குழாய் ஒன்று உண்டு. வெள்ளிபோல் இருக்கும், செம்பும் நிக்கலும் கலந்தது. வருடக்கணக்காக உப்புத் தண்ணீரைக் குடித்தும் கெடாதது, கொட்டகைக் காற்றுக்கா கெட்டுவிடும்? அதைக் கீறி, நீட்டி, ரிப்பன் ரிப்பனாக வெட்டி, துண்டு துண்டாகப் பூட்டிக் கழற்றும்படி தண்டவாளம் செய்தேன். உடைந்த டேப் ரிக்கார்டரின் மோட்டாரை வைத்து எஞ்சின் செய்தேன். சக்கரம், கொதிகலன், புகைப்போக்கி எல்லாம் என் லேத்தில் கடைந்தது. கார் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து விட்டோம். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து முதலாளி கைதட்டினார்.

பேராசிரியர் பங்குக்கு ஒரு மலை செய்தார். காகிதக் கூழில். பத்திரிகைப் படத்தில் மலை இருந்ததாம்.

"தூத்துக்குடியில ஏது சார் மலை? உப்பு அம்பாரமா?" என்று கேட்டேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. அன்றைக்கே என்மேல் வஞ்சம் வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

திருவிழாவை ஒட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். எங்கள் ரயிலுக்கு நடு மண்டபத்தில் இடம். முந்தின நாள் ஸ்டூடியோக்காரர் படம் எடுக்க வந்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் மலைக்குப் பின்னால் நின்றார்கள்.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. அவங்க ரெண்டு பேரு மட்டும்" என்றார் ஸ்டூடியோக்காரர் என்னிடம்.

மலைக்காகத் தண்டவாளத்தைச் சரிவாகப் பூட்டியிருந்தது. கிரீஸ் வைக்க எஞ்சினின் பல்சக்கரத்தை அப்போது கழற்றியிருந்தேன்; அது இல்லாமல் எஞ்சின் சரிவில் நிற்காது. கையை எடுத்தால் எஞ்சின் உருண்டு கீழே விழும். "நான் தள்ளிக்கிடுதேன், கை தள்ளாது" என்றேன். உடம்பை ஒதுக்கிக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். எடுத்தார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பலகைக்கு மேலே பெரிய போர்டு. ஆக்கம் என்று பேராசிரியர் பெயர். உறுதுணை என்று முதலாளி பெயர். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஒன்றுக்கு இரண்டு தரம் படித்தேன். என் பெயர் இல்லை.

"சார், எம் பேரை விட்டுட்டிய."

"வேலை செஞ்சவங்க பேரெல்லாம் போட ஆரம்பிச்சா, பலகை அறுத்த ஆசாரி பேரையும்லப்பா போடணும்?"

"போடுங்களேன் சார். அவரும்தான மெனக்கெட்டாரு."

முதலாளி குறுக்கே வந்தார். "ஏலே, நாலு பெரிய மனுசன் வார எடம். அடுத்த வருசம் போட்டுக்கிடுவோம், போலே."

நான் ஒதுங்கிப் போகவில்லை. வீட்டுக்குப் போனது திருப்புளி எடுக்கத்தான். அதையும் மடித்த கோணிச்சாக்கு ஒன்றையும் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து தூண் ஓரம் நின்றேன். முன்கூட்டியே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கூட்டம் சேரட்டும் என்று இருந்தேன். சிறப்பு விருந்தினர் வந்தார். ரிப்பன் வெட்டினார். பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "நான் இந்த எஞ்சினை வடிவமைத்தபோது" என்று தொடங்கினார். அதுவரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அந்தச் சொல்லோடு அது போயிற்று.

ரயில் ஒரு சுற்று ஓடி முடிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். நான் உள்ளே போய் எஞ்சினைத் தூக்கினேன்.

"ஏலே, என்னலே செய்யுத?" என்றார் முதலாளி.

"எஞ் சாமானை எடுக்கேன் அண்ணாச்சி."

சாக்கை விரித்தேன். எஞ்சினை வைத்தேன். பிறகு உட்கார்ந்து திருப்புளியால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினேன். அவசரமே படவில்லை. பேராசிரியர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மலைக்குப் பின்னால் நின்றார். மைக் ஆஃப் ஆகவில்லை, அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: "எப்பா, பட்டப்பகல்ல ரயிலோட தண்டவாளத்தையும் களவாண்டுட்டுப் போறாம்லே!"

"அந்த மலையையும் தூக்கிட்டுப் போயிரும் அண்ணாச்சி!" என்றான் இன்னொருத்தன்.

"மலை சாருக்குள்ளது. பேட்டரி முதலாளிக்குள்ளது. அடுத்தவன் சாமானை நான் தொட மாட்டேன்" என்றேன். சிறப்பு விருந்தினரே சிரித்துவிட்டார். வெறும் பலகையில் ஒரு காகித மலை, ஒரு கார் பேட்டரி, மேலே அந்தப் போர்டு. அதைத்தான் மீதி நாளெல்லாம் ஊர் வந்து பார்த்தது.

அத்தோடு விடவில்லை. முதலாளியின் கார் அடுத்த மழைக்கு நின்றுபோனது. ஆள் அனுப்பினார். "ஆக்கம் செஞ்சவரைக் கூப்பிடச் சொல்லு" என்றேன். மதுரையிலிருந்துகூட மெக்கானிக் வந்து பார்த்தான். நான் வைத்த பம்பு அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் காரை உப்பு ஏற்றுகிற மாட்டு வண்டியில் கட்டி, என் பட்டறை வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். வேறு பாதை கிடையாது. நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அவ்வளவு ருசியான டீயை அதற்குப் பிறகு குடித்ததில்லை. பேராசிரியர் இன்று இல்லை, முதலாளியும் இல்லை. அதற்காக எனக்கு ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏனென்றால், இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலரில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். பேத்தி கொண்டுவந்து காட்டினாள். கீழே இரண்டு பெயர்கள். ஊரின் முதல் மாதிரி ரயிலை உருவாக்கியவர்களாம். அவர்களுடைய ரயில் பச்சை பிடித்து ஓடாமல் நின்ற கதையை ஒருத்தரும் எழுதவில்லை.

ஆனால் படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை இருக்கிறது. பெருவிரலில் நகம் கிடையாது. தோணியில் வேலை பார்த்தபோது மூட்டை தூக்குகிற வின்ச்சில் நசுங்கிய விரல் அது. அந்தக் கையை வெட்டிவிட்டு அச்சடிக்கத்தான் பார்த்திருப்பார்கள். முடியாது. கையை வெட்டினால் எஞ்சினும் போய்விடும்.

மலர் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சின் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, தண்டவாளத்தில் இன்றுவரை ஒரு பொட்டுப் பச்சை இல்லை. பேட்டரி கொண்டுவாருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு, அந்த இரண்டு பெயருக்கும் மேலே, கை யாருடையது என்று என் பெயரைப் போடுங்கள். கீழே போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருப்புளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.